18 பேருக்கு இரவுச் சாப்பாடு: எதை முதலே செய்து வைக்கலாம்?

கிளுவைவேலி (கொக்குவில்)
ஞாயிறு, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விருந்துக்கு ஆயத்தப்படுத்துறதில உங்கட உதவி வேணும். இன்னும் இரண்டு கிழமை இருக்கு.

இவரின்ர தமையன் குடும்பம் கனடாவில இருந்து வருது. 1995 இடப்பெயர்வோட சாவகச்சேரிக்குப் போய், அங்கயிருந்து கொழும்பு, பிறகு கனடா எண்டு போனவர். 2003இல யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்திருந்த நேரம் ஒருக்கா வந்தவர். அதுக்குப் பிறகு இப்பதான் வாறார். போன மாசம் போனில கதைக்கேக்க ஒரு சொல் சொன்னார்: "அந்தப் பத்து நாளும் அம்மாவின்ர முதுகைத்தான் பார்த்தன். எப்ப பார்த்தாலும் அடுப்படியில குனிஞ்சபடி." மாமி 2011இல மோசம் போயிட்டா.

அந்தச் சொல் எனக்குள்ள நிண்டு அரிக்குது. நானும் அப்பிடித்தான். எங்கட வீட்டில எந்த விசேஷமெண்டாலும் வந்த ஆக்கள் சாப்பிட்டுக் கைகழுவின பிறகுதான் நான் குசினியால வெளியில வாறனான். இந்த முறை நானும் அவையோட இருந்து சாப்பிடோணும். அதுக்காக எந்த வேலையை எப்ப முடிக்கிறது எண்டதுதான் என்ர கேள்வி.

மொத்தம் 18 பேர். 13 பெரியாக்கள், 5 பிள்ளையள். சனிக்கிழமை இரவு எட்டரைக்கு எண்டு யோசிச்சிருக்கிறன். ஒடியல் கூழ், இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி, நண்டுக்கறி, கணவாய், கத்தரிக்காய், சொதி, சம்பல், வந்தவுடன கடிக்கக் கட்லட், கடைசியா வட்டிலப்பம். குசினியில இரண்டு அடுப்புக் காஸ், வெளியில ஒரு விறகடுப்பு. பிறிட்ஜ் ஒண்டுதான், அதுவும் நடுத்தரம். உதவிக்கு மகள் நிக்கிறா, ஏ.எல். படிக்கிறா. அவவின்ர படிப்பையும் குழப்ப விருப்பமில்லை.


அடுப்படிச்சாம்பல் (சுன்னாகம்)
ஞாயிறு, இரவு 10.35

தங்கச்சி, உங்கட எண்ணம் நல்ல எண்ணம். ஆனா இந்தச் சாப்பாட்டு ஒழுங்கோட நீங்கள் மேசையில இருக்க ஏலாது.

முதல்ல கூழ். கூழ் ஒரு கறி இல்லை, அது தனியா ஒரு நாள். ஒடியல் மாவை, அதுதான் காயவைச்ச பனங்கிழங்கு மாவை, ஊறவைச்சு, கயர்ப்புத் தண்ணியை இரண்டு மூண்டு தரம் வடிச்சு, மரவள்ளி, பலாக்கொட்டை, பயிற்றங்காய் ஒவ்வொண்டையும் அவியிற நேரம் பார்த்துப் போட்டு, மீன், நண்டு, றால் எண்டு கடைசியில மாவைக் கரைச்சு விட்டு அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே நிக்கோணும். இறக்கி வைச்சா இறுகிப்போகும். திருப்பிச் சுடவைச்சா அந்தப் பதம் வராது. கூழ் குடிக்கிறதெண்டால் ஒரு மத்தியானம், மரநிழலில, பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, எல்லாரும் சட்டியைச் சுத்தி இருக்கோணும். இரவு விருந்துக்கு முன்னால ஒரு கோப்பை எண்டு வைக்கிறது கூழுக்கும் சரியில்லை, பின்னால வாற இடியப்பத்துக்கும் சரியில்லை.

இரண்டாவது, சனி இரவு விருந்தெண்டால் இறைச்சியை வெள்ளிக்கிழமை சமைக்கோணும். உங்கட வீட்டில வெள்ளி மச்சம் சமைப்பீங்களோ? எங்கட வீட்டில சட்டியே வேற. முட்டை எண்டபடியால் வட்டிலப்பத்தையும் வெள்ளி செய்யேலாது. எந்த நாள் எண்டதை முதலில யோசியுங்கோ. கறியைப் பிறகு பார்ப்பம்.


பனங்கூடல் (புத்தூர்)
திங்கள், காலை 6.10

நான் கொஞ்சம் வேற மாதிரிச் சொல்லுறன், பிள்ளை குறை நினைக்க வேண்டாம். விருந்தாளிக்கு முதல் நாள் சமைச்சதைச் சுடவைச்சுக் குடுக்கிறது எனக்கு மனசுக்கு ஒப்பேல்லை. இருபது வருஷத்துக்கு மேல கழிச்சு வாற மனுசனுக்கு, அண்டைக்கு அரைச்ச கூட்டு, அண்டைக்குப் பிழிஞ்ச பால், அண்டைக்கு இறக்கின சட்டி, இதுதான் மரியாதை. என்ர ஆச்சி பழையதைத் தான் சாப்பிடுவா, வந்தவனுக்கு வைக்கமாட்டா.

90களில கரண்டே இல்லை. ஜாம் போத்தலுக்குள்ள திரி போட்டுக் கொஞ்ச மண்ணெண்ணெயோட விளக்கு எரிச்ச காலம். பிறிட்ஜ் ஆரிட்டையும் வேலை செய்யேல்லை. மீன் வந்தா அண்டைக்கே கறி, மிஞ்சினா இரவு ஒருக்கா, விடிய ஒருக்காச் சுடவைச்சுச் சுண்டவைக்கிறது. அந்தப் பழக்கத்தில வந்த ஆக்கள் நாங்கள். பிறிட்ஜுக்குள்ள வைச்ச கறியை நம்புறது எங்களுக்கு இண்டைக்கும் கஷ்டம்.


சங்கானைக்காரன்
திங்கள், காலை 8.25

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பனங்கூடல் ஐயா சொல்கிற பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் முதல் நாள் சமைப்பதைவிட, சமைத்ததை ஆறவிடும் விதத்தில்தான் பிழை வருகிறது.

கிருமி பெருகுவது 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில். நம் ஊர் ஆடி மாத வெக்கையில் ஒரு பெரிய சட்டிக் கறியை மூடி மேசையில் வைத்தால், நடுவிலுள்ள கறி விடியும்வரை அந்தச் சூட்டுக்குள்ளேயே கிடக்கும். அப்படியே சட்டியோடு பிறிட்ஜுக்குள் தள்ளினாலும் அதே கதைதான். நடு ஆறாது, பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகிவிடும். கறியை இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டங்களில் பிரித்து ஊற்றுங்கள். ஒரு பெரிய பேசினில் குளிர்ந்த தண்ணீர் விட்டு, அதற்குள் தட்டத்தை வைத்துக் கிளறிக் கொடுங்கள். அரை மணித்தியாலத்தில் ஆவி அடங்கிவிடும். இறக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் பிறிட்ஜுக்குள் போய்விட வேண்டும். மறுநாள் சுடவைக்கும்போது ஓரத்தில் கொதித்தால் போதாது, நடுவிலும் குமிழி விட்டுக் கொதிக்க வேண்டும். ஒரு முறை மட்டும். மிஞ்சியதை மறுபடி உள்ளே வைத்து மறுபடி எடுப்பது வேண்டாம்.

இதில் சோறு இல்லாதது நல்லது. சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் அவியும்போதும் சாகாமல் கிடக்கும். ஆறவிட்டு வெளியில் வைத்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆட்டிறைச்சியை விடச் சோற்றில்தான் எனக்குப் பயம் அதிகம்.

பிள்ளைகளில் யாருக்காவது ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டீர்களா?


மணற்காடு (வடமராட்சி)
திங்கள், பின்னேரம் 4.40

அக்கா, கடல் சாமானை மட்டும் நான் சொல்லுறன். நண்டை முதல் நாள் வாங்கி வைக்காதேங்கோ. செத்த நண்டு கெதியில கரையத் தொடங்கும், அதின்ர வயித்துக்குள்ள இருக்கிற நொதியமே சதையைத் தின்னும். விடியக் குருநகரிலயோ பாசையூரிலயோ, கையில தூக்கினா அளவுக்கு மிஞ்சிப் பாரமா இருக்கிறதைப் பார்த்து எடுங்கோ. லேசா இருந்தா உள்ள தண்ணி. அண்டைக்கே சமைச்சு அண்டைக்கே முடிக்கோணும்.

கணவாய்க்கு ஒரு குணம். ஒண்டில் இரண்டு மூண்டு நிமிஷத்தில இறக்கோணும், இல்லாட்டி முக்கால் மணித்தியாலம் அவியவிடோணும். இடைப்பட்டால் றப்பர். நீங்கள் ஆக்களோட இருக்க விரும்பினால் நிண்டு நிமிஷம் பார்க்கிற கறியை விடுங்கோ.

என்ர எண்ணம், நண்டும் கணவாயும் இரண்டும் வேண்டாம். நண்டு சாப்பிடுறவர் இரண்டு கையாலயும் அதோடதான் மல்லுக்கட்டுவார், வாய் திறந்து கதைக்க நேரமில்லை. கதைக்கத்தானே வாறார்?


ஸ்காபரோவில இருந்து
திங்கள், இரவு 11.05

வாற ஆக்களின்ர பக்கத்தில இருந்து ஒண்டு. கோடையில ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். நாங்கள் வந்து முதல் நாலைஞ்சு நாள் பின்னேரம் ஏழு மணிக்கே கண்ணைச் சுத்தும், இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்திடும். எட்டரைக்குச் சாப்பாடு எண்டால் பிள்ளையள் மேசையிலயே படுத்திடும். போன முறை என்ர சின்னவன் சித்தி ஊட்டின இடியப்பத்தை வாயில வைச்சபடியே நித்திரை. ஆறரைக்குத் தொடங்குங்கோ அக்கா.

இன்னொண்டு, இங்க பிறந்த பிள்ளையளுக்கு ஊர்த் தூளின்ர உறைப்பு ஏலாது. அவைக்குத் தனிச் சட்டி வைக்கத் தேவையில்லை. உருளைக்கிழங்குப் பால்கறி ஒண்டும் சொதியும் இருந்தா அவை சந்தோசமாச் சாப்பிடுவினம். குடிக்கக் கொதிச்சாறின தண்ணி நிறைய வையுங்கோ, ஐஸ் போடுறதெண்டா அதுவும் அந்தத் தண்ணியில செய்ததா இருக்கட்டும்.


கிளுவைவேலி
செவ்வாய், இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. இவரோடயும் கதைச்சன். நாளை மாத்தியாச்சு.

அவை புதன்கிழமை கட்டுநாயக்காவில வந்து இறங்கினம். வியாழன் ஆடி அமாவாசை, அண்ணை தகப்பனுக்குக் கீரிமலையில தர்ப்பணம் செய்யோணும். வெள்ளி எங்கட வீட்டில மரக்கறி. அமாவாசைக்கு ஆறாம் நாள் நல்லூர்க் கந்தன் கோயில் கொடியேற்றம், அது செவ்வாய் வருது. அப்ப ஞாயிறுதான் சரி. ஆனா இதில ஒரு நெருக்கடி இருக்கு: திங்கள் நான் வீடு கழுவோணும். கொடியேறினால் 25 நாளும் எங்கட வீட்டில மச்சம் இல்லை. அதால ஞாயிறு மிஞ்சுறது திங்கள் காலைக்குள்ள முடியோணும். அளவு தெரியாமல் சமைக்க ஏலாது.

சங்கானை ஐயா, நீங்கள் கேட்டபடியால்தான் போன் எடுத்துக் கேட்டன். இரண்டாவது பெடியனுக்கு றால் ஒத்துக்காதாம், நண்டும் குடுக்கிறேல்லையாம். கேக்காட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதோட நண்டுக்கறி போச்சு, கணவாயும் போச்சு, கூழும் இப்போதைக்கு இல்லை. கட்லட் மீனில.

இனிச் சொதி. நான் சொதியை முதலே வைச்சால் ஒவ்வொரு முறையும் திரைஞ்சு போகுது. அதைக் கடைசியில வைக்கிறதெண்டால் நான் திரும்ப அடுப்புக்கு முன்னாலதான். இதுக்கு வழி இருக்கோ?


அடுப்படிச்சாம்பல்
செவ்வாய், இரவு 10.50

இருக்கு. சொதியை இரண்டாப் பிரிக்கோணும்.

பின்னேரம் நாலு மணிக்குத் தேங்காயைத் திருவிப் பாலைப் பிழியுங்கோ. முதற்பாலைத் தனியா ஒரு போத்தலில ஊத்திப் பிறிட்ஜில வையுங்கோ. தேங்காய்ப்பால் வெளியில நிண்டா இந்த வெக்கைக்கு இரவாகிறதுக்குள்ள புளிச்சிடும். இரண்டாம் மூண்டாம் பாலில வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்புப் போட்டு வெங்காயம் கரையிற பதத்துக்கு அவியவிட்டு இறக்குங்கோ. அது நாலு மணி வேலை. எல்லாரும் கைகழுவப் போகேக்க அதைத் திருப்பிக் கொதிக்க வைச்சு, முதற்பாலை விட்டு, அகப்பையால அள்ளி அள்ளி ஊத்துங்கோ. ஓரத்தில நுரை கூடி ஒரு கொதி எழும்பேக்க அடுப்பை நிப்பாட்டி இறக்கிடுங்கோ. தேசிக்காய்ப் புளி இறக்கினதுக்குப் பிறகுதான், அதுவும் சூடு கொஞ்சம் தணிஞ்ச பிறகு. அடுப்பில நிக்கேக்க புளி விட்டால் திரையத்தான் செய்யும். இப்ப உங்களுக்குத் திரையிறதுக்குக் காரணம் இதுவாத்தான் இருக்கும், இல்லாட்டி முதற்பாலைத் தளதளவெண்டு கொதிக்க விட்டிருப்பீங்கள். கடைசி வேலை ஐஞ்சு நிமிஷம். அதை மகளிட்டக் குடுத்தாலும் செய்வா.

இறைச்சியைச் சனி பின்னேரம் விறகடுப்பில வையுங்கோ. 18 பேருக்கு எலும்போட நாலு கிலோ காணும், நாலரைக்கு மேல வேண்டாம். ஆட்டுக்கறி மறுநாள்தான் கறி. தூள் வாசம் உள்ளுக்குப் போய், பச்சைக் காரம் அடங்கி, குழம்பு தடிச்சு நிக்கும். விடியப் பார்த்தீங்களெண்டால் மேல செம்மஞ்சள் நிறத்தில கொழுப்பு ஆடை பிடிச்சிருக்கும், அகப்பைக் காம்பால தட்டினா ஓடு மாதிரிச் சத்தம் கேக்கும். அதில பாதியை வழிச்செடுங்கோ. மீதி கறிக்கு வேணும். உருளைக்கிழங்கு மட்டும் அதுக்குள்ள போடாதேங்கோ, முதல் நாளே போட்டா அதுதான் முதல்ல புளிக்கும். பெருஞ்சீரகமும் கறுவாவும் வறுத்து இடிச்ச தூளை ஞாயிறு சுடவைச்சு இறக்கேக்கதான் தூவோணும். அப்ப அது அண்டைக்குச் சமைச்ச கறி மாதிரியே மணக்கும். பனங்கூடல் அண்ணைக்கும் வித்தியாசம் தெரியாது.

கத்தரிக்காயை ஞாயிறு காலையில பொரிச்சுக் கடதாசியில பரப்பி விடுங்கோ. பின்னேரம் பாலும் புளியும் விட்டு ஒரு பிரட்டு. சம்பலுக்குச் செத்தல் மிளகாயும் உப்பும் காலையில இடிச்சுப் போத்தலில போடுங்கோ. தேங்காய்ப்பூவும் வெங்காயமும் ஆறு மணிக்குச் சேர்த்தால் போதும். கட்லட்டைச் சனி உருட்டி, பாண்தூளில பிரட்டி, அடுக்குக்கு அடுக்கு எண்ணெய்க் கடதாசி போட்டுப் பிறிட்ஜில வையுங்கோ.

வட்டிலப்பமும் சனிதான். அது ஒரு இரவு குளிரில இருந்தாத்தான் வெட்டேக்க உடையாது.

இடியப்பத்தை நீங்கள் பிழியவே கூடாது. 18 பேருக்கு இடியப்பம் பிழியிறதெண்டால் அந்த இரண்டு மணித்தியாலமும் உரலோடதான். ஊரில எத்தினை பேர் வீட்டில அவிச்சுக் குடுக்கினம். பெரியாளுக்கு ஏழு, பிள்ளைக்கு நாலு எண்டு பார்த்தா 111 வருது. 120 சொல்லுங்கோ.


தேமாப்பூ (திருநெல்வேலி)
புதன், மதியம் 1.20

இடியப்பத்தைப் பற்றி எனக்கு நடந்ததைச் சொல்லோணும். போன வருஷம் அம்மாவின்ர அறுபதுக்கு 150 இடியப்பம் சொல்லியிருந்தன். ஆறரைக்குத் தாறன் எண்டவை, எட்டே காலுக்குத்தான் வந்தது. அதுவும் சுடச்சுடப் பொலித்தீன் பைக்குள்ள கட்டினபடியால், அவிஞ்ச நீர் திரும்ப இறங்கி அடியில இருந்த முப்பது நாப்பது ஒட்டிக் களியாப் போச்சு. ஆக்கள் பசியோட முற்றத்தில. அம்மாவின்ர முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்திட்டு.

அதால இப்ப நான் செய்யிறது இதுதான். வேணும் எண்ட நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் முன்னுக்குச் சொல்லுவன். போய் எடுக்கிறதுக்கு ஒரு ஆளைப் பேர் சொல்லிப் பொறுப்பா விடுவன், "ஆராவது போவினம்" எண்டு விடமாட்டன். எங்கட பெட்டியைக் கொண்டுபோய்க் குடுத்து, அடியில வாழையிலை, மேல வெள்ளைத் துணி போட்டு மூடச் சொல்லுவன். துணி நீரை இழுக்கும்.

அக்கா, இன்னொண்டு. பிறிட்ஜ் கதவில ஒரு தாள் ஒட்டுங்கோ. மணித்தியாலத்தையும் வேலையையும் எழுதி, பக்கத்தில அதைச் செய்யிற ஆளின்ர பேரையும் எழுதுங்கோ. உங்கட பேர் ஆறரைக்குப் பிறகு ஒரு இடத்திலயும் இருக்கக் கூடாது. எழுதாமல் விட்டால் எல்லா வேலையும் தானா உங்கட கைக்குத்தான் வரும். எங்கட வீட்டில அப்பாவும் தம்பியும் வேலை செய்யாத ஆக்களில்லை, என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிக்கிற ஆக்கள். தாள் ஒட்டின நாளில இருந்து அவையே வாசிச்சுச் செய்யினம்.


கோண்டாவில் வாசகி
புதன், பின்னேரம் 5.30

காஸைப் பாருங்கோ! 2022இல வரிசையில நிண்ட பிறகு நான் எப்பவும் ஒரு நிரம்பின சிலிண்டர் பக்கத்தில வைச்சிருக்கிறனான். 12.5 கிலோ சிலிண்டர் எண்டால் வெறும் சிலிண்டரின்ர பாரம் அதின்ர கழுத்தடியில அடிச்சிருக்கும். நிறுத்துப் பார்த்து அதைக் கழிச்சால் எவ்வளவு மிச்சம் எண்டு தெரியும்.


பனங்கூடல்
வியாழன், காலை 6.00

எல்லாத்தையும் வாசிச்சன். சங்கானைக்காரர் சொன்ன தட்டம், பேசின் விசயம் எனக்குப் புதுசு. இறைச்சிக் கறியில நான் விட்டுக்குடுக்கிறன். ஆனா சொதி, சம்பல், பொரியல் அண்டைக்கு எண்டு நீங்கள் எல்லாரும் சொல்லுறது என்ர மனசுக்கு ஆறுதல்.

இருக்கிற ஒழுங்கைப் பற்றியும் ஒண்டு. வீட்டுக்காரர் கடைசிப் பந்தியில இருக்கிறதுதான் எங்கட முறை. அதில ஒரு அர்த்தம் இருந்தது. சட்டியில காணுதோ காணாதோ எண்டு ஆருக்கும் தெரியாத காலம், வந்தவைக்குப் போதாட்டில் வீட்டுக்காரர் பட்டினி கிடப்பினம். இப்ப உங்களிட்ட 120 இடியப்பமும் நாலு கிலோ இறைச்சியும் எண்ணிக் கணக்குப் பார்த்து இருக்கு. காணாமல் போற பயம் இல்லாட்டி, கடைசியில நிக்கவும் தேவை இல்லை. என்ர மனுசியிட்ட இதை வாசிச்சுக் காட்டினன். அவ ஒண்டும் பேசேல்லை, கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தா.

சோளகம், தென்மேல் காத்து, அடிக்கிற காலம். முற்றத்தில மேசை போடுறதெண்டால் வீட்டின்ர வடகிழக்குப் பக்கம் போடுங்கோ, சுவர் காத்தை மறிக்கும். பின்னேரமே தண்ணி தெளிச்சு விட்டால் புழுதி எழும்பாது.


சங்கானைக்காரன்
வியாழன், காலை 9.10

ஒவ்வாமை உள்ள பிள்ளைக்காக ஒரு குறிப்பு. றால் பொரித்த எண்ணெயில் பிறகு எதைப் பொரித்தாலும் அந்தப் பிள்ளைக்கு அது றால்தான். புது எண்ணெய், நன்றாகக் கழுவிய தாச்சி. சம்பலுக்கு மாசிக் கருவாடு போடும் பழக்கமிருந்தால் அதையும் தாயிடம் சொல்லிவிடுங்கள். மீன் ஒத்துக்கொள்ளும் என்று தெளிவாகக் கேட்ட பிறகே கட்லட் கொடுங்கள். பிள்ளைக்கு மருந்து ஏதும் கொண்டு வருகிறார்களா, அது எந்தப் பையில் இருக்கிறது என்பதையும் கேட்டு வைத்திருங்கள்.


கிளுவைவேலி
புதன், இரவு 8.30 (விருந்து முடிஞ்சு மூண்டாம் நாள்)

எழுதச் சுணங்கிப் போச்சு, மன்னிக்கோணும். திங்கள் வீடு கழுவினது, நேற்று நல்லூர்க் கொடி.

தாளை ஒட்டினன். சனி பின்னேரம் இறைச்சி, கட்லட், வட்டிலப்பம் மூண்டும் முடிஞ்சுது. இறைச்சியை நாலு தட்டத்தில ஊத்தி, குழந்தையளைக் குளிக்கவாக்கிற பேசினில தண்ணி விட்டு ஆறவைச்சன். ஞாயிறு விடியத் திறந்து பார்க்க, சாம்பல் அக்கா சொன்னமாதிரியே ஆடை. தட்டினன், சத்தமும் கேட்டுது.

இடியப்பத்தை ஐந்தே முக்காலுக்குக் கேட்டு, ஆறு இருபதுக்கு வந்தது. மச்சாள் வீட்டுப் பெடியன் துணி போட்டு மூடிக்கொண்டு வந்தான். ஒண்டும் ஒட்டேல்லை. கட்லட்டை இவர் பொரிச்சார். முதல் தாச்சியில எண்ணெய் காணாமல் நாலைஞ்சு உடைஞ்சது, அதை ஒரு கோப்பையில போட்டு வைக்க அதுதான் முதல்ல முடிஞ்சது. ஆறு நாப்பதுக்குக் கரண்ட் போச்சு, ஒரு அரை மணித்தியாலம். சாமான் எல்லாம் செய்து முடிஞ்சிருந்தபடியால் ஆரும் பதறேல்லை. லாம்பு இரண்டைக் கொளுத்தி மேசையில வைச்சம். அண்ணையின்ர மூத்தவள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரிஞ்சாள்.

சொதிக்கு மட்டும் நான் எழும்பினன். மகள் செய்யட்டும் எண்டு தாளில எழுதியிருந்தது, ஆனா அண்ணையின்ர மனுசியும் பின்னால வந்தா. நான் முதற்பாலை விட, மகள் அகப்பையால ஊத்த, அவ லாம்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. நுரை கூடினவுடன இறக்கினம். தேசிக்காயை அவதான் பிழிஞ்சா. திரையேல்லை. திரும்பிப் போய் நான் என்ர கதிரையில இருந்தன். அண்ணை என்ர கோப்பையில இடியப்பத்தை வைச்சார்.

அவர் 2003இல வந்த கதை, சாவகச்சேரியில ஒரு பள்ளிக்கூட விறாந்தையில மாமி மூண்டு கல்லு வைச்சுக் கஞ்சி காய்ச்சின கதை எல்லாம் வந்தது. நான் இந்த வீட்டில 26 வருஷம் இருக்கிறன், அந்தக் கஞ்சிக் கதையை எனக்கு ஆரும் சொல்லேல்லை. சொல்லியிருப்பினம், நான் குசினிக்குள்ள நிண்டிருப்பன்.


அடுப்படிச்சாம்பல்
புதன், இரவு 9.05

வாசிச்சுக் கண் கலங்கிட்டுது தங்கச்சி. இறைச்சி எவ்வளவு மிஞ்சினது? அளவு சரியோ?


கிளுவைவேலி
புதன், இரவு 9.40

அளவு சரி அக்கா. இறைச்சி ஒரு சின்னச் சட்டி மிஞ்சினது, கத்தரிக்காய் இரண்டு அகப்பை, இடியப்பம் ஒன்பது. மிஞ்சின இறைச்சி சுடவைச்சதுதானே எண்டு திருப்பி வைக்கப் பயந்தன், சங்கானை ஐயாவின்ர சொல் காதில நிண்டது. இரவே பக்கத்து வீட்டுக்குப் பாதியைக் குடுத்தம். மீதியை வெளியில எறியத்தான் எடுத்தன், அண்ணை விடேல்லை. இரவு பதினொரு மணிக்கு நித்திரை வராமல் இருந்தவர், "பழங்கறி வையுங்கோ, அம்மா வைக்கிற மாதிரி" எண்டு கேட்டார். இறைச்சி, கத்தரிக்காய் எல்லாத்தையும் ஒரே சட்டியில விட்டு அப்பவே கொதிக்கக் கொதிக்கச் சுண்டவைச்சன். விடியும்வரை வைக்கேல்லை. ஒரு றாத்தல் பாணை இவர் பிச்சுக் குடுக்க, மூண்டு பேரும் குசினி நிலத்தில இருந்து சட்டியோட சாப்பிட்டம்.

மணற்காடு அண்ணை, அவை ஆவணிக் கடைசி மட்டும் நிக்கினம். நல்லூர்த் திருவிழாவும் வைரவர் மடையும் முடிய ஒரு ஞாயிறு மத்தியானம் கூழ் காய்ச்சுவம். பெடியனுக்கு மீனும் மரவள்ளியும் மட்டும் போட்டுச் சின்னச் சட்டியில முதல்ல. ஒடியல் மா வாங்கியாச்சு, பிலாமரம் எங்கட வளவிலயே நிக்குது. எந்த நாள் நல்ல மீன் வரும் எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ.


மணற்காடு
வியாழன், காலை 5.20

சொல்லுறன் அக்கா. முதல் நாள் இரவு போன் எடுங்கோ.